பள்ளியின் தீர்மானப் புத்தகமும் நம் கையொப்பமும்



கல்விச் சங்கம் ஒன்று வெள்ளி விழாக் காணும்போது, பட்டம் பெற்றோர் எத்தனை பேர், அரசுப் பணியில் அமர்ந்தோர் எத்தனை பேர் என்று கணக்குச் சொல்வது மரபு. அக்கணக்கை நம் செயலாளர் அறிக்கை தந்துவிட்டது. அது நம் எல்லோர்க்கும் பெருமை சேர்ப்பதே. நாம் இந்த மேடையில் வேறொரு கணக்கைக் கேட்க விரும்புகிறோம். வாணியம்பாடி நகரிலும் சுற்றியுள்ள சிற்றூர்களிலும் நம் பிள்ளைகள் பயிலும் அரசுப் பள்ளிகளின் மேலாண்மைக் குழுக்களில் நம்மவர் எத்தனை பேர் இருக்கின்றனர்? இருப்போருள் எத்தனை பேர் கூட்டத்திற்குச் செல்கின்றனர்? செல்வோருள் எத்தனை பேர் வாய் திறந்து ஒரு கேள்வியேனும் கேட்கின்றனர்?

சட்டமன்றத் தேர்தல் வந்தால் நம் தெருக்களில் இரவு பகல் என்று பாராமல் உழைக்கிறோம். ஊராட்சித் தேர்தல் வந்தால் உறவே இரண்டாகப் பிரிகிறது. ஆனால் நம் குழந்தை அமரும் வகுப்பறைக்கும், அது குடிக்கும் தண்ணீருக்கும், அது உண்ணும் சோற்றுக்கும் பொறுப்பான குழுவைத் தேர்ந்தெடுக்கும் நாளில் நாம் வீட்டில் இருப்பதில்லை, தொழிற்சாலையில் இருக்கிறோம். இதைப் பற்றித்தான் இன்று பேச வந்தோம்.

பள்ளிக்கூடத்தை நடத்தும் அவையில் அமர்பவர் யார் என்பது நம் மக்களுக்குப் புதிய கேள்வியன்று. 1893 ஆம் ஆண்டில் சென்னை மாகாண அரசு, அன்று பஞ்சமர் என்று அழைக்கப்பட்ட நம் முன்னோரின் கல்விக்குச் சலுகைகள் அளித்து ஓர் ஆணை பிறப்பித்தது. பஞ்சமர் கல்வியின் மகாசாசனம் என்று அது போற்றப்பட்டது. ஆனால் கால் நூற்றாண்டு சென்று, 1919 இல் அரசு தானே விசாரித்தபோது, பொது நிர்வாகத்தில் இருந்த பள்ளிகளுள் மிகச் சிறு பகுதியே நம் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டிருந்தது தெரிய வந்தது. காரணம் என்ன? ஆணை கோட்டையில் எழுதப்பட்டது. பள்ளியோ ஜில்லா போர்டிலும் தாலுகா போர்டிலும் நடத்தப்பட்டது. பள்ளிக்கு இடம் பார்த்தவர்கள் அந்தப் போர்டுகளில் அமர்ந்த நிலக்கிழார்களும் வழக்கறிஞர்களுமே. அவர்கள் பார்த்த இடம் பல ஊர்களில் அக்கிரகாரமாகவும் கோயிலை அடுத்த சத்திரமாகவும் அமைந்தது. கதவு திறந்தே இருந்தது. அக்கதவுக்குச் செல்லும் தெரு நமக்கு மூடியிருந்தது. அந்த இடத்தைத் தேர்ந்த நாளில், இந்த இடம் வேண்டாம் என்று சொல்ல அவையில் நம்மவர் ஒருவர் இல்லை. நம் குறை அங்கேதான் தொடங்கியது.

ஆகையால்தான் தொழிலாளர் இலாகாவின் பொறுப்பில் நமக்கெனத் தனிப் பள்ளிகள் தோன்றின. அவற்றின் வழிவந்தவையே இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள். தமிழ்நாடெங்கும் அவை ஆயிரத்துக்கும் மேற்பட்டவை. 2023 மார்ச்சில் வெளியான நிதிநிலை அறிக்கை, இவற்றையும் பிற துறைகளின் பள்ளிகளையும் பள்ளிக் கல்வித் துறையின்கீழ்க் கொணர்வதாக அறிவித்தபோது, வரவேற்றவர்களும் அஞ்சியவர்களும் நம்முள்ளேயே இருந்தனர். பள்ளி எத்துறையின் பெயரில் இருந்தாலும், அதன் குழுவில் நாம் விழித்திருந்தால் அன்றோ நம் பிள்ளைக்கு நலம் விளையும்?

நம் ஊரின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். தோல் வாணிபத்தில் பொருளீட்டிய இசுலாமியப் பெருமக்கள், 1919 ஆம் ஆண்டிலேயே இந்நகரில் இசுலாமியக் கல்லூரியை நிறுவினர். ஈட்டிய பொருளைக் கல்வி நிலையமாக மாற்றி, அதனை ஓர் அவை அமைத்து நடத்தி, நூற்றாண்டு கடந்தும் காத்து வருகின்றனர். அதே தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, மயிர் நீக்கி, பதப்படுத்திய கைகள் நம் பாட்டன்மாரின் கைகள். அந்தக் கைகளுக்குக் கூலி மிஞ்சியது; முதல் மிஞ்சவில்லை. நிறுவனம் தொடங்க நமக்கு முதல் இல்லாதிருந்தது உண்மை. ஆனால் முதல் இல்லாதவனும் பள்ளி நிர்வாகத்தில் அமரலாம் என்று சட்டம் இன்று சொல்கிறது. அந்த இருக்கையில் நாம் அமரவில்லையெனில் வறுமையை மட்டும் காரணம் காட்டித் தப்ப முடியாது.

அச்சட்டம் 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம். 2010 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதன் 21 ஆம் பிரிவை இளைஞர்கள் ஒவ்வொருவரும் பாடமாகப் படிக்க வேண்டும். பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக அல்லது பாதுகாவலராக இருத்தல் வேண்டும். மொத்த உறுப்பினரில் பாதிப்பேர் பெண்கள். பின்தள்ளப்பட்ட பிரிவினரின் பிள்ளைகள் எத்தனை பேரோ, அதற்கேற்ற விகிதத்தில் அவர்தம் பெற்றோர்க்கும் இடம் தர வேண்டும். பள்ளி நடைபெறும் முறையைக் கண்காணிப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை வகுப்பதும், அரசிடமிருந்தும் உள்ளாட்சியிடமிருந்தும் வரும் பணம் எவ்வாறு செலவாகிறது என்று பார்ப்பதும் அக்குழுவின் கடமைகள். குழு வகுக்கும் வளர்ச்சித் திட்டமே அரசு அளிக்கும் நிதிக்கு அடிப்படை என்று 22 ஆம் பிரிவு கூறுகிறது. ஒன்றை மறவாதீர்கள்: 2012 இல் செய்த திருத்தத்தின்படி, சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளிலும் அரசின் உதவி பெறும் பிற தனியார் பள்ளிகளிலும் இக்குழு ஆலோசனை கூறலாம், அவ்வளவே. அரசுப் பள்ளியில்தான் அதற்கு முழு உரிமை. நம் பிள்ளைகளுள் பெரும்பாலோர் பயில்வதும் அரசுப் பள்ளியிலேயே.

தமிழக அரசு 2022 மார்ச் 20 அன்று மாநிலத்தின் அரசுப் பள்ளிகளிலெல்லாம் பெற்றோரைக் கூட்டி, அதன்பின் குழுக்களைப் புதிதாக அமைத்தது. குழுவில் 20 பேர் இருந்தனர். 2024 ஆகஸ்டில் மீண்டும் அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் அளித்து 24 பேராக்கியது. மார்ச் 20 என்னும் நாளைக் கேட்டவுடன் நமக்கு மகத் நினைவுக்கு வர வேண்டும். பொதுக் குளங்கள் அனைவர்க்கும் உரியன என்று பம்பாய்ச் சட்டமன்றம் 1923 இல் தீர்மானித்தது. மகத் நகராட்சியும் 1924 இல் அதனை ஏற்றது. ஆயினும் ஒருவரும் அக்குளத்தில் இறங்க இயலவில்லை. 1927 மார்ச் 20 அன்று பாபாசாகேப் அம்பேத்கர் ஆயிரக்கணக்கான மக்களுடன் நடந்து சென்று அந்நீரை அள்ளிப் பருகிய பின்னரே அத்தீர்மானத்திற்கு உயிர் வந்தது. உரிமை ஏட்டில் இருந்தால் போதாது. அதை எடுத்துக்கொள்ள ஒருவர் எழுந்து நடக்க வேண்டும்.

எழுந்து நடப்பது எளிதன்று என்பதையும் நாம் அறிவோம். நம் திருப்பத்தூர் மாவட்டத்திலேயே, ஆம்பூரை அடுத்த மலையூராகிய நாயக்கனேரி ஊராட்சியின் தலைவர் பதவி 2021 தேர்தலில் பட்டியலினப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. போட்டியின்றித் தேர்வான சகோதரி, ஊராரின் எதிர்ப்பாலும் வழக்காலும் பதவியேற்க இயலாமல் தடுக்கப்பட்டார். 2018 இல் திருப்பூர் மாவட்டம் அவிநாசியை அடுத்த திருமலைக்கவுண்டன்பாளையத்துப் பள்ளியில், நம் இனத்துச் சகோதரி சத்துணவு சமைக்கக்கூடாது என்று ஆதிக்க சாதிப் பெற்றோர் திரண்டனர். அவரை இடம் மாற்ற ஆணையிட்டனர். கண்டனம் எழுந்த பிறகே அவ்வாணை நீக்கப்பட்டது. இவ்விரண்டாம் நிகழ்ச்சியை ஆழ்ந்து நோக்குங்கள். அங்கே திரண்டவர்களும் பெற்றோர் என்னும் பெயராலேயே திரண்டனர். பெற்றோர் அவை தானாகவே நீதியின் பக்கம் நிற்கும் என்று எண்ணுவது பேதைமை. அந்த அவையில் நாமும் இருந்தால்தான் நீதிக்கு அங்கே ஒரு குரல் இருக்கும்.

பிறர் குறையை இவ்வளவு சொல்லிவிட்டோம். நம் குறையையும் மறைக்காமல் சொல்கிறோம். நம் பகுதியிலுள்ள ஒரு சிற்றூரின் பெயரைச் சொல்லாமல் விடுகிறோம். அவ்வூர்ப் பள்ளியின் குழுவில் நம் தெருவைச் சேர்ந்த தாய் ஒருவர் உறுப்பினர். காலணித் தொழிற்சாலையில் தையற்பிரிவில் வேலை செய்பவர். காலையில் கம்பெனி வண்டி ஏறினால் இருட்டிய பிறகே இறங்குவார். கூட்டமோ பள்ளி நேரம் முடியும் வேளையில். ஒரு பிற்பகல் விடுப்பு எடுத்தால் அரைநாள் கூலி போகும். மேற்பார்வையாளரின் முகமும் சுளிக்கும். ஆகவே தீர்மானப் புத்தகம் அவர் வீடு தேடி வந்தது. விளக்கு வெளிச்சத்தில், காட்டிய இடத்தில் அவர் கையெழுத்திட்டார். ஓராண்டுக்கு மேல் அவ்வாறே நடந்தது. அவர் மகள் படிக்கும் பள்ளியில் பெண் குழந்தைகளின் கழிவறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று வீட்டில் வருந்திப் பேசுவார். அக்கழிவறை நல்ல நிலையில் இருப்பதாக எழுதிய தீர்மானத்தின் கீழே அவருடைய கையெழுத்தே இருந்தது. நம் சங்கத்து இளைஞர் ஒருவர் அதனைப் படித்துக் காட்டியபோது அந்தத் தாய் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்குப் படிக்கத் தெரியும் தம்பி, படிக்க நேரம் இல்லை" என்றார்.

அந்தச் சொல் நம்மைத் தைத்தது. புத்தகத்தைக் கொண்டு வந்தவரைக் குறை சொல்வது எளிது. இருபத்தைந்து ஆண்டு கல்வி வளர்த்தோம் என்று சொல்லிக்கொள்ளும் நாம், ஒரு தாயை ஒரு பிற்பகல் நேரம் அந்த நாற்காலியில் உட்கார வைக்க வழி செய்யவில்லையே! எழுத்தறிவித்தோம், எழுதியதைப் படிக்கும் நேரத்தை ஈட்டித் தரவில்லை. அடுத்த மாதம் சங்கத்து மகளிர் இருவர் அத்தாயின் தொழிற்சாலைக்கே சென்று பேசி, மூன்று மணிக்கு அவரை விடுவித்து வாங்கினர். அன்று அவர் கூட்டத்தில் ஒரே ஒரு வாக்கியம் பேசினார்: தண்ணீர் வரவில்லை என்று எழுதுங்கள் என்றார். எழுதினார்கள். குழாய் உடனே சீராகிவிடவில்லை. ஆனால் இல்லாத தண்ணீர் இருப்பதாக அந்தப் புத்தகம் சொல்வது அன்றோடு நின்றது. இதனைச் சிறு வெற்றி என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம்.

எனவே இந்த வெள்ளி விழாவில் சங்கத்தின்முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம்.

முதலாவது, விழா நிதியில் ஒரு பகுதியை ஒதுக்கி, குழுக் கூட்டத்திற்குச் செல்லும் நம் தாய்மார் இழக்கும் கூலியைச் சங்கமே ஈடுசெய்ய வேண்டும். மாணவர் உதவித்தொகைக்கு என்று சேர்த்த பணத்தைக் கூலிக்குக் கொடுப்பதா என்று பெரியவர்கள் சிலர் கேட்டனர். நியாயமான கேள்வியே. உதவித்தொகை ஒரு மாணவரைக் கல்லூரிக்கு அனுப்பும். அதைக் குறைக்க நாம் சொல்லவில்லை. விழாவின் பந்தலிலும் மாலையிலும் பொன்னாடையிலும் சிக்கனம் செய்தால் இதற்குப் பணம் கிடைக்கும். ஒரு தாயின் அரைநாள் கூலி ஒரு பள்ளியின் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயன்படும்.

இரண்டாவது, இளைஞர்கள் முன்னாள் மாணவர் என்னும் இடத்திற்கு முன்வர வேண்டும். வெளியூரில் வேலை பார்ப்போரைக் கேட்கவில்லை. இங்கேயே இருந்து, மாலையில் தெருமுனையில் கூடிப் பேசும் பட்டதாரிகளைக் கேட்கிறோம். கைதூக்குவோர் கூட்டத்தில் ஒரு கை நம்முடையதாக இருக்கட்டும். இத்தேர்தலுக்குச் சின்னம் இல்லை, செலவு இல்லை, மதுவும் பணமும் இல்லை. நாட்டில் எஞ்சியிருக்கும் தூய்மையான தேர்தல் இதுவாகவே இருக்கலாம். அதைத் தூய்மையாக வைத்திருப்பதும் நம் கையில் உள்ளது.

மூன்றாவது, உறுப்பினரான ஒவ்வொருவரும் படித்துப் பார்க்காத பக்கத்தில் கையெழுத்திடுவதில்லை என்று உறுதி ஏற்க வேண்டும். வளர்ச்சித் திட்டம் எங்கே, இவ்வாண்டு வந்த தொகை எவ்வளவு, செலவுச் சீட்டுகள் எங்கே என்று மூன்று கேள்விகளைப் பணிவோடு கேளுங்கள். பாலாற்றங்கரை ஊர்களில் இருப்போர் நான்காவதாக ஒன்றையும் கேளுங்கள்: பிள்ளைகள் குடிக்கும் நீர் சோதிக்கப்பட்டதா? தோல் கழிவு இந்நதிப் படுகையின் நீரைக் கெடுத்ததைப் பற்றி உச்ச நீதிமன்றம் 1996 இலேயே தீர்ப்பளித்தது. அத்தீர்ப்புப் பள்ளிக் கிணற்றுக்குள் இறங்கிப் பார்க்காது. நாம்தான் பார்க்க வேண்டும். ஆசிரியரைப் பகைவராக எண்ணிக் கேட்க வேண்டாம். கூரை ஒழுகுவதைப் பற்றி எழுதி எழுதிச் சலித்த தலைமையாசிரியர்கள் பலர். பெற்றோரின் தீர்மானம் உடன் சென்றால் அவர்தம் கடிதத்திற்கும் வலிமை கூடும்.

தோழர்களே, நம் முன்னோர் பள்ளியின் வாசலுக்கு வெளியே நின்றனர். நம் பெற்றோர் உள்ளே சென்று பலகையில் அமர்ந்தனர். நாம் இப்போது மேசையின் மறுபக்கத்தில், கணக்குப் புத்தகம் விரித்திருக்கும் பக்கத்தில், அமர வேண்டிய காலம். அடுத்த மாதக் கூட்டத்தின் நாள் நம் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையில் எழுதப்பட்டிருக்கும். இன்று வீடு திரும்பும் வழியில் நின்று அதைப் படித்துவிட்டுச் செல்லுங்கள்.

ஜெய் பீம்.