ஆறு புள்ளிகள் கணினிக்குள் வந்த கதை
(பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



பிறெயில் என்றதும் தடித்த கடதாசியும் அதில் குத்திய புள்ளிகளுமே பலருக்கும் நினைவுக்கு வரும். நான் பேச வந்தது கணினிக்குள் இருக்கும் பிறெயிலைப் பற்றி.

லூயி பிறெயில் 1829இல் பிரான்சில் வெளியிட்ட முறையில் ஒரு கட்டத்துக்கு ஆறு புள்ளிகள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக 1, 2, 3. வலப்பக்கம் 4, 5, 6. வெறுங்கட்டத்தையும் சேர்த்தால் 64 வடிவங்கள். கணினிக்கு அது போதவில்லை. ஆகவே அடியில் 7, 8 என்று இரண்டு புள்ளிகள் சேர்ந்தன. வடிவங்கள் 256 ஆயின. 1999இல் வந்த யுனிகோட் 3.0 இந்த 256க்கும் இடம் கொடுத்தது. முதற் புள்ளியின் பெறுமதி 1, இரண்டாவதற்கு 2, மூன்றாவதற்கு 4, இப்படியே இரட்டித்துக்கொண்டு போனால் எட்டாவதற்கு 128. கட்டத்தில் உள்ள புள்ளிகளின் பெறுமதிகளைக் கூட்டினால் அந்த வரிசையில் அதன் இலக்கம் கிடைத்துவிடும். 'ம' என்பது 1, 3, 4 ஆம் புள்ளிகள். 1, 4, 8 கூட்ட 13. கணித ரீச்சர் யாராவது இங்கே இருந்தால் சந்தோசப்படுவார்.

ஆனால் யுனிகோட் இவற்றுக்கு எழுத்தின் பெயரைச் சூட்டவில்லை. புள்ளி எண்களையே பெயராக வைத்தது. அது சரியான முடிவுதான். 1, 4 ஆம் புள்ளிகள் ஆங்கிலத்தில் 'சி', தமிழில் 'ச', முன்னால் எண் குறி வந்தால் 3. எந்த மொழி என்று தெரியாமல் புள்ளியை மட்டும் வைத்து வாசிக்க முடியாது. அழைப்பிதழில் அழகுக்காகப் பிறெயில் புள்ளிகளை அச்சிடுகிறார்களே, தடவினால் வழுவழுப்பான கடதாசிதான்!

தமிழ் பிறெயில், இந்திய மொழிகளுக்குப் பொதுவாக 1951இல் அமைந்த பாரதி முறையைச் சேர்ந்தது. அதில் 'அம்மா' என்று எழுதிப் பார்ப்போம். அச்சில் புள்ளி 'ம'வின் தலையில் இருக்கிறது. யுனிகோட் தமிழில் அது 'ம'வுக்குப் பின்னால் பதிவாகிறது. பிறெயிலிலோ முன்னால் வருகிறது: அ, புள்ளி, ம, ம, ஆ. ஒவ்வொரு கட்டமாக நகரும் விரலுக்கு, வரப்போவது மெய்யெழுத்து என்று முன்கூட்டியே சொல்லிவிடுவது வசதி என்றே எனக்குத் தோன்றுகிறது. இந்த இடமாற்றத்தை லிப்லூயி போன்ற இலவச மென்பொருள் செய்துவிடுகிறது. திரைவாசிப்பான் அதைக்கொண்டு மாற்றித் தர, மேசையிலுள்ள பிறெயில் கருவியில் சிறு ஊசிகள் எழும்பும். கீழே இருக்கும் தமிழ் ஒழுங்கான தமிழாக இருந்தால் மட்டுமே இது நடக்கும்.

இனி நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். நம் சங்கத்தில் பார்வை இழந்த அக்கா ஒருவர் இருக்கிறார். சென்ற மலரின் கோப்பைக் கேட்டு வாங்கினார். அது பாமினி எழுத்துருவில் அமைந்தது. பாமினியில் 'அம்மா' என்பது நம் கண்ணுக்குத்தான் அம்மா. கணினிக்கு அது ஆங்கில எம், கே, அரைப்புள்ளி, கே, எச். அதையே அவருடைய கணினி வாசித்தது, அதையே அவர் விரலும் தடவியது. தன் வகுப்புத் தோழி எழுதிய கட்டுரையை வேறொருவர் வாசிக்கக் கேட்டுத்தான் அறிந்துகொண்டார். "எல்லாரும் வாசித்த பிறகு எனக்குக் கதை சொல்கிறீர்கள்" என்றார். அவர் கோபப்படவில்லை. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

பாமினி நம் நாட்டில் அச்சுக்குப் பெரிய உதவி செய்தது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நூற்றாண்டு மலரை யுனிகோட்டில் தட்டச்சுச் செய்யுங்கள். கையெழுத்தில் வரும் ஆக்கங்களை வருடிப் படமாக மட்டும் போட்டுவிடாதீர்கள். குழுப் படங்களின் கீழே யார் யார் என்று ஒரு வரி எழுதுங்கள். அச்சகத்துக்குப் போகுமுன் ஒரு பிரதியை அந்த அக்காவுக்கு அனுப்புங்கள். அவர் வாசித்துப் பிழை சொல்லட்டும். பழைய பாமினிக் கோப்புகளையும் யுனிகோட்டுக்கு மாற்றலாம். மலர்க்குழுத் தங்கைமார் யாருக்காவது அதைப் பழக விருப்பமென்றால், தேநீர் இடைவேளையில் கடைசி வரிசைக்கு வாருங்கள். மடிக்கணினி கொண்டுவந்திருக்கிறேன்.