நெருப்புப்பெட்டியும் நிதியமைச்சரும்

வரியின்றி அரசு நடவாது என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும், அவ்வரி எப்பொருளின் மேல் விழுகின்றது, எவருடைய கையிலிருந்து வருகின்றது என்னும் வினாக்கள் எழும்போதே மக்கள் வாய் திறக்கின்றனர். பெரிய வரிகளைப் பொறுத்துக்கொண்டவர்களும், அடுக்களையில் நாள்தோறும் புழங்கும் சிறு பொருளுக்கு வரி வருமென்றால் கொதித்தெழுவதுண்டு. 1871ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் எழுந்த நெருப்புப்பெட்டி வரிக் கிளர்ச்சி இதற்குத் தக்க சான்றாகும்.

அந்நாளில் கிளாட்ஸ்டனுடைய அமைச்சரவையில் நிதியமைச்சராக விளங்கியவர் றொபேட் லோ என்பவர். கிரேக்க, இலத்தீன் மொழிகளில் வல்லவர், கணக்கிலும் கெட்டிக்காரர். படைச் சீர்திருத்தச் செலவினால் திறைசேரியில் துண்டு விழுமென்று கண்ட அவர், ஏப்ரல் 20ஆம் திகதி பாராளுமன்றத்தில் ஒரு புதிய வரியை முன்மொழிந்தார். நூறு மரக்குச்சிகள் கொண்ட பெட்டிக்கு அரைப் பென்னி. மெழுகுக் குச்சிகளாயின் ஒரு பென்னி. உள்நாட்டுப் போர்க் காலத்தில், 1864ஆம் ஆண்டில், அமெரிக்கா விதித்த இத்தகைய வரி அவருக்கு முன்மாதிரியாயிற்று. பெட்டியில் ஒட்டும் முத்திரையிற் பொறிப்பதற்கென ‘எக்ஸ் லூக்கே லூக்கெல்லம்’ என்னும் இலத்தீன் சிலேடையையும் அவர் புனைந்து வைத்திருந்தார். ‘ஒளியிலிருந்து சிறு இலாபம்’ என்பது அதன் பொருள்.

எல்லோரும் பயன்படுத்தும் பொருளாதலால் எல்லோரும் சிறிது கொடுப்பர். ஒருவருக்கும் பெருஞ்சுமையாகாது என்பதே அவர் கருத்து. கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகின்றது. ஆனால் செல்வன் தன் சுருட்டைப் பற்றவைக்கவும் ஒரு குச்சிதான் வேண்டும். ஏழைப் பெண் தன் அடுப்பை மூட்டவும் ஒரு குச்சிதான் வேண்டும். இருவரும் கொடுக்கும் வரி ஒன்றே. இருவருடைய வருவாயோ மலையும் மடுவும் போன்றது. அன்றியும், மலிவான பெட்டியின் விலையோடு ஒப்பிட்டால் அரைப் பென்னி சிறிதன்று. உப்பின் மேலிருந்த வரி 1825இலும், மெழுகுதிரியின் மேலிருந்த வரி 1831இலும், சவர்க்காரத்தின் மேலிருந்த வரி 1853இலும் அந்நாட்டில் நீக்கப்பட்டிருந்தன. இவ்வாறு வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விடுதலை பெற்றுவந்த காலத்தில், நெருப்புக்குச்சி புதிதாகச் சிறைப்படுவதை மக்கள் எங்ஙனம் ஏற்பர்?

பத்திரிகைகள் நிதியமைச்சரின் இலத்தீனை எள்ளி நகையாடின. விக்டோரியா மகாராணியாரே பிரதமருக்குக் கடிதம் எழுதி, இவ்வரியை எல்லா வகுப்பினரும் உடனே உணர்வர் என்றும், குச்சி செய்து பிழைக்கும் எளியோர் துன்புறுவர் என்றும் தமது ஐயத்தைத் தெரிவித்தார்.

அவ்வெளியோரில் பெரும்பாலோர் கிழக்கு இலண்டனில் வாழ்ந்த பெண்களும் சிறுவருமாவர். விலை ஏறின் விற்பனை குறையும். விற்பனை குறையின் வேலை போகும். வேலை போயின் அன்றைய உணவு போகும். இதனை அறிய அவர்களுக்குப் பொருளாதார நூல் வேண்டியதில்லை. ஏப்ரல் 24ஆம் திகதி ஆயிரக்கணக்கானோர் பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலமாகப் புறப்பட்டனர். பொலிசார் வழியில் இடைமறித்தனர். ஆயினும் அவர்களுட் பலர் வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தை அடைந்தனர். மறுநாளே வரி கைவிடப்பட்டது. பின்னர் வருமான வரி பவுணுக்கு நாலு பென்சிலிருந்து ஆறு பென்சாக உயர்த்தப்பட்டது. சுமை மறைந்துவிடவில்லை, அடுப்படியிலிருந்து, வருமானமுடையோர் தோளுக்கு மாறியது.

இவ்வெற்றியில் முதலாளிமாருக்கும் பங்குண்டு. அவர்களுடைய வியாபாரமும் காப்பாற்றப்பட்டதன்றோ! வரி ஒழிந்ததன் நினைவாக 1872இல் போ வீதியில் ஒரு நீரூற்று எழுப்பப்பட்டது. ஆனால் தொழிலாளரின் கூலி அதனால் உயர்ந்துவிடவில்லை. 1888ஆம் ஆண்டில், அதே போ பகுதியிலிருந்த பிரையன்ட் அன்ட் மே தொழிற்சாலையின் பெண்கள் தம் குறைகளுக்காக வேலைநிறுத்தம் செய்து வென்றனர். முன்னர் முதலாளியோடு ஒரே பக்கத்தில் நின்ற வகுப்பினர், இம்முறை அவரை எதிர்த்துத் தமக்காக எழுந்தனர்.

இன்னுமொரு செய்தி சிந்தனைக்குரியது. மக்கள் ஐந்தே நாளில் விரட்டிய அவ்வரி, முதலாம் உலகப் போர்க் காலத்தில், 1916ஆம் ஆண்டில், மீண்டும் வந்தது. அப்போது அது நிலைத்துவிட்டது. பொருள் அதுவே, நாடும் அதுவே. நாட்டின் இடுக்கண் கண்ணெதிரே தெரிந்த வேளையிற் பொறுத்துக்கொள்ளப்பட்ட சுமை, அமைதிக் காலத்தில் அநீதியாகத் தோன்றியிருந்தது.

ஆகவே, வரியின் அளவை மட்டும் எண்ணிப் பார்ப்பது போதாது. அதனை யார் கொடுக்கின்றார், எதை விட்டுக்கொடுத்துக் கொடுக்கின்றார், எதற்காகக் கொடுக்கின்றார் என்பனவும் எண்ணத்தக்கவை. றொபேட் லோவின் கூட்டலில் பிழையில்லை. அடுப்பின் முன் குச்சியை உரசும் கை மட்டுமே அவருடைய கணக்கில் இடம்பெறவில்லை.