கட்டடம் மாகாணத்துக்கு, வைத்தியர் மத்திக்கு!
(இரத்மலானையில் ஆற்றிய உரை)



வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இங்கு இரத்மலானையிலும், ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்த உறவினர் தங்காத தமிழர் வீடு அரிது. அவர்களிற் சிலர் தோல் நோய்க்காக வருபவர்கள். தோல் நோயென்றதும் சொறி, சிரங்குதானே என நகைப்போர் உளர்.

தொழுநோய் ஒழிந்ததென்றே பலர் எண்ணுகின்றனர். பத்தாயிரம் பேரில் ஒருவருக்கும் குறைவு என்ற அளவை இலங்கை 1995 இல் எட்டியது உண்மை. ஆயினும் ஆண்டுதோறும் ஆயிரத்துக்கு மேற்பட்ட புதிய நோயாளர் இன்றும் கண்டறியப்படுகின்றனர். உணர்ச்சியற்ற தேமலாக இருக்கும்போதே கண்டுகொண்டால் ஆறு மாதமோ ஓராண்டோ மாத்திரை உண்டால் போதும், அதுவும் இலவசம். பிந்தினால் நரம்பு கெட்டு விரல் மடங்கும். மடங்கிய விரலை மாத்திரை நிமிர்த்தாது.

மணல் ஈ கடித்து வரும் லீஷ்மேனியாசிஸ் புண்ணோ, வயலிலும் காட்டோரத்திலும் உழைப்பவரை நாடுவது. நோவில்லாத புண், ஆகவே கமக்காரர் பொருட்படுத்துவதில்லை. புண்ணில் ஊசியேற்ற வாரந்தோறும், பல வாரங்கள், தோல் கிளினிக்குக்குப் போகவேண்டும். இரண்டு பஸ் மாறிப் போகும் தூரமெனில், அறுவடைக் காலத்தில் எவர் போவார்? மருந்துக் கடையில் ஒரு பூசுமருந்தை வாங்கிக்கொண்டு வயலுக்குத் திரும்புவார். பணமுள்ளவர் அதே நிபுணரை மாலையில் தனியார் மனையிற் காண்கிறார்!

நிபுணர் ஒருவர் உருவாகப் பல்லாண்டு செல்லும். வெளிநாட்டுப் பயிற்சியும் வேண்டும். 2022 இன் பொருளாதார வீழ்ச்சியின்பின் வைத்தியர் பலர் நாட்டைவிட்டு ஏகினர். பயிற்சிக்குப் போனோரிற் சிலர் திரும்பவில்லை. அதே ஆண்டில் அரசாங்கம் அரச ஊழியரின் ஓய்வு வயதை 60 ஆகக் குறைத்தது. விசேட வைத்திய நிபுணர்கள் மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் படியேற நேர்ந்தது. ஒழுகும் குடத்துக்கு இன்னுமொரு துளை!

சட்டம் கற்ற நாம் ஒன்று சொல்லியாக வேண்டும். 13 ஆவது திருத்தத்தின்படி, போதனா வைத்தியசாலைகளும் விசேட தேவைக்கான வைத்தியசாலைகளும் தவிர்ந்த பொது வைத்தியசாலைகளை நடத்துவது மாகாண சபையின் அதிகாரம். நிபுணரை அனுப்புவதும் இடமாற்றுவதுமோ மத்திய அமைச்சு. கேள்வி கேட்கவேண்டிய சபைகளின் பதவிக் காலமும் 2019 ஆம் ஆண்டோடு முடிந்துபோயிற்று.

நாம் பெரிதாக எதையும் கேட்கவில்லை. நிபுணர் குறித்த நாளில் ஆதார வைத்தியசாலைக்கு வந்து கிளினிக் நடத்தட்டும். தொடர் ஊசியை அங்குள்ள வைத்தியரே ஏற்றப் பயிற்சி அளிக்கட்டும். ஐயமுள்ள தேமலின் படத்தை நிபுணருக்கு அனுப்பி ஆலோசனை பெற ஒழுங்கு செய்யட்டும்.

இம்மனுவுக்குச் சான்று வேண்டும். உங்கள் வீட்டில் தங்கிச் செல்லும் உறவினரின் கிளினிக் அட்டையைக் கேட்டுப் பாருங்கள். தேமலோ புண்ணோ முதலிற் கண்ட நாளையும், நிபுணரைக் கண்ட நாளையும் குறித்து, பெயரை விடுத்து, எமக்கு அனுப்பிவையுங்கள்.