ஆளும்போது என்ன செய்வீர்கள்?

வாசகர் வட்டத்தின் செயலாளர் அவர்களே, மின்விசிறிக்கு நேர் கீழே இடம்பிடித்துவிட்ட பெரியவர்களே, பின்வரிசையில் கைபேசியையும் பார்த்துக்கொண்டு என்னையும் கேட்டுக்கொண்டிருக்கிற தம்பி தங்கைகளே, கைபேசியை உள்ளே வைக்க வேண்டாம். அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு டீக்கடைக்காரர் என்னிடம் வந்தார். உள்ளூர்ப் பிரமுகர் ஒருவரைக் கேலி செய்து வந்த மீம் ஒன்றை ஒரு வாட்ஸ்அப் குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குத் தள்ளிவிட்டிருந்தார். அவ்வளவுதான். ராத்திரி வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். ஸ்டேஷன் ஜாமீனில் ஆளை விட்டார்கள், போனை விடவில்லை. கைப்பற்றிய பொருள் என்று படிவம் 95 போட்டுக் கோர்ட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த கியூஆர் அட்டைக்குப் பணம் வந்ததா இல்லையா என்று பார்க்க அவருக்கு அந்த ஒரு போன்தான். குடிக்க வருகிறவர் நீட்டிக் காட்டுகிற திரையை நம்பித்தான் நான்கு மாதம் டீ ஆற்றினார். மனுப் போட்டு, பிணை எழுதிக்கொடுத்து, போன் கைக்கு வந்தபோது பேட்டரி உப்பி, பின்மூடி பிளந்திருந்தது.

கோர்ட் வாசலில் நின்று அவர் கேட்டார்: “எந்தக் கட்சி வந்தா சார் இது நிக்கும்?”

எனக்கு அன்றைக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கு மேடை கிடைத்திருக்கிறது, சொல்லிப் பார்க்கிறேன்.

2008 டிசம்பருக்குப் போவோம். மும்பைத் தாக்குதல் நடந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. நாடாளுமன்றத்தில் கூச்சல், குழப்பம். அதற்கு நடுவே, விவாதமே இல்லாமல், தகவல் தொழில்நுட்பச் சட்டத் திருத்தம் நிறைவேறியது. அதில் இருந்ததுதான் 66ஏ பிரிவு. எரிச்சல் ஊட்டினால், அசௌகரியம் தந்தால், மிகவும் புண்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை. எரிச்சலுக்குச் சிறை என்றால் நம் வீடுகளில் யார்தான் வெளியே இருப்போம்? இந்தச் சொற்களின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் 1935ஆம் ஆண்டு பிரிட்டிஷ் தபால் துறைச் சட்டத்தில் போய் நிற்கும். தொலைபேசியில் கூப்பிட்டு ஆபாசம் பேசுகிறவர்களுக்காக எழுதிய வாசகத்தை நம் முகநூலுக்குத் தைத்துப் போட்டார்கள். ஆட்சி காங்கிரஸ் கூட்டணியுடையது. அப்போது அந்தத் துறையின் அமைச்சர் நம் ஆ. ராசா. எதிர் வரிசையில் பாரதிய ஜனதா. அன்றைக்கு அந்தப் பிரிவைத் தடுத்து நிறுத்த எந்த வரிசையும் முனையவில்லை.

2012இல் அந்தப் பிரிவுக்குப் பல் முளைத்தது. ஏப்ரலில் கொல்கத்தா. ஜாதவ்பூர் பல்கலைக்கழகப் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா, மம்தா பானர்ஜியைப் பற்றிய ஒரு கேலிச்சித்திரத்தை மின்னஞ்சலில் அனுப்பினார் என்று கைது. அந்த வழக்கிலிருந்து அவர் முழுதாக விடுபட்டது 2023 ஜனவரியில். ஏறக்குறைய பதினோரு வருஷம், ஒரு கார்ட்டூனுக்கு. அக்டோபரில் நம் பக்கத்துப் புதுச்சேரி. அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதிய மனிதரை விடியற்காலையில் வந்து எழுப்பினார்கள். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. நம் கூட்டத்துக்கு வந்திருப்பவர்களே அதைவிட அதிகம். நவம்பரில் மகாராஷ்டிரத்துப் பால்கர். பால் தாக்கரே மறைவையொட்டி ஊர் ஏன் அடைபட வேண்டும் என்று ஓர் இளம்பெண் முகநூலில் கேட்டார், தோழி அதற்கு லைக் போட்டார். இரண்டு பேரும் கைது. எழுதிய பெண்ணின் உறவினர் நடத்திவந்த மருத்துவமனையில் புகுந்து ஒரு கும்பல் அடித்து நொறுக்கியது. கட்டைவிரலை ஒருமுறை அழுத்தியதற்கு ஒரு பெண் காவல் நிலையம் போன நாடு இது.

அதற்குப் பிறகுதான் எல்லோருக்கும் கருத்துச் சுதந்திரம் ஞாபகம் வந்தது. எதிர்க்கட்சியாக இருந்த பா.ஜ.க. சாடியது. மார்க்சிஸ்ட் கட்சியின் பி. ராஜீவ் மாநிலங்களவையில் அந்தப் பிரிவைத் திருத்தக் கோரித் தீர்மானமே கொண்டுவந்தார். நல்ல காரியம், மறுக்கவில்லை. ஆனால் மேலே கேளுங்கள். 2014இல் பா.ஜ.க. ஆட்சிக்கு வந்தது. சாடிய கட்சிதானே, முதல் வேலையாகத் தூக்கிப்போட்டிருக்க வேண்டாமா? உச்ச நீதிமன்றத்தில் அந்தப் பிரிவு இருக்கட்டும் என்று வாதாடியது. ஷ்ரேயா சிங்கல் வழக்கில் நீதிபதிகள் செலமேஸ்வரும் நாரிமனும் 2015 மார்ச் 24 அன்று அதை ரத்து செய்தார்கள். கேரளக் காவல் சட்டத்தின் 118(டி) பிரிவும் அதே தீர்ப்பில் போனது. சரி, அந்தக் கேரளத்திலாவது பாடம் படித்தார்களா? 2020 நவம்பரில் இடது முன்னணி அரசு 118ஏ என்று ஓர் அவசரச் சட்டம் போட்டது. மறுபடியும் மூன்று ஆண்டு வரை சிறை! சொந்தக் கட்சிக்காரர்களே முகம் சுளித்த பிறகு, இரண்டு நாளில், அமல்படுத்த மாட்டோம் என்று முதல்வர் அறிவித்தார். பின்வாங்கினார்களே என்று பாராட்டத்தான் வேண்டும். பல கட்சிகளுக்கு அந்தக் கியரே கிடையாது.

இன்னொரு கூத்து. ரத்தான 66ஏ பிரிவின் கீழ் காவல் நிலையங்கள் வழக்குப் போட்டுக்கொண்டே இருந்தன. 2021இல் உச்ச நீதிமன்றமே அதிர்ச்சி தெரிவித்தது. அந்த வழக்குகளையெல்லாம் கைவிடச் சொல்லி 2022 அக்டோபரில் தனியாக ஓர் உத்தரவு போட வேண்டியிருந்தது. அந்த ஏழு ஆண்டுகளில் எத்தனை மாநிலங்களில் எத்தனை கட்சிகள் ஆண்டன, எண்ணிப் பாருங்கள்.

நம் ஊர்க் கணக்கையும் பார்த்துவிடுவோம். டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய பாட்டு இணையத்தில் பரவியதும் 2015 அக்டோபரில் பாடகர் கோவனைத் தேசத்துரோகப் பிரிவில் கைது செய்தார்கள். நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பைப் பற்றி வரைந்ததற்காக 2017 நவம்பரில் கார்ட்டூனிஸ்ட் பாலா. 2018 மே மாதம் தூத்துக்குடியில் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் இறந்தார்கள். உடனே மூன்று மாவட்டங்களில் இணையத்தை அறுத்துவிட்டார்கள். பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்று வீட்டுக்காரர்கள் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்ப வழியில்லை. இதெல்லாம் அ.தி.மு.க. காலம். பிறகு ஆட்சி மாறியது. 2024 மே மாதம் யூடியூபர் சவுக்கு சங்கர் கைதானார். பெண் காவலர்களைப் பற்றி அவர் பேட்டியில் பேசியது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பேச்சு. அதற்கு வழக்கு நடத்தட்டும், தண்டனை கிடைக்கட்டும். ஆனால் போட்டது குண்டர் சட்டம். கள்ளச்சாராய வியாபாரிகளையும் ரௌடிகளையும் மனத்தில் வைத்து 1982இல் வந்த சட்டம், விசாரணையே இல்லாமல் ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். ஆகஸ்ட் 9 அன்று உயர் நீதிமன்றம் அந்தக் காவலை ரத்து செய்தது. மூன்றே நாளில், ஆகஸ்ட் 12 அன்று, இன்னொரு குண்டர் உத்தரவு. இந்தச் சட்டத்துக்குள் இணையக் குற்றவாளி என்ற வகையை 2014இல் சேர்த்தது ஜெயலலிதா அரசு. சேர்ப்பதற்குத்தான் ஆள் இருக்கிறது, எடுப்பதற்கு ஆளைக் காணோம்.

ஏன் இப்படி? முப்பது வருஷமாக முதல் தகவல் அறிக்கைகளைப் படிக்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன். எந்தப் பிரிவு என்று பார்ப்பதற்கு முன், புகார்தாரர் யார் என்ற கட்டத்தைப் பாருங்கள். நகரச் செயலாளர், வார்டு பிரதிநிதி, தகவல் தொழில்நுட்ப அணி அமைப்பாளர். மனம் புண்பட்டதாகச் சொல்வதற்கென்றே ஊருக்கு ஒருவர் இருக்கிறார். ஆட்சி மாறினால் கட்டத்தில் பெயர் மாறும், அடுத்த பத்தியில் உள்ள வாசகம் அப்படியே இருக்கும். தலைவர் டெல்லியில் சுதந்திரம் பேசலாம். இங்கே ஸ்டேஷனில் தன் சொல் செல்லுகிறது என்று காட்டுவதுதான் உள்ளூர் நிர்வாகிக்கு ஆட்சி என்பதன் அர்த்தமே. அதை அவரிடமிருந்து பிடுங்க எந்தத் தலைமைக்கும் மனசு வருவதில்லை.

இந்தக் கதை பேச்சுரிமையோடு முடிவதில்லை. தேர்தல் வந்தால் உங்கள் பெயர் சொல்லி, வார்டு சொல்லி, பூத் எண் சொல்லி வாட்ஸ்அப்பில் வணக்கம் வருகிறதே, அந்த நம்பரை யார் கொடுத்தார்கள்? நீங்கள் கொடுத்தீர்களா? நான் கொடுக்கவில்லை. நம் தரவு விஷயத்திலும் அதே கூத்துதான். எதிர்க்கட்சியாக இருந்தவரை பா.ஜ.க.வுக்கு ஆதார் கசந்தது. 2016இல் அதையே பண மசோதா என்று பெயர் வைத்து, மாநிலங்களவை தடுக்க முடியாதபடி நிறைவேற்றினார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமையே அல்ல என்று அரசு வாதாடியது. ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று, உரிமைதான் என்று ஒரே குரலில் சொன்னார்கள். அதன்பின் ஆறு வருஷம் கழித்து, 2023இல் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அரசு தனக்கு வேண்டிய அமைப்புகளுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்துக்கொள்ள 17ஆம் பிரிவில் கதவு வைத்திருக்கிறார்கள். போகிற போக்கில் தகவல் உரிமைச் சட்டத்திலும் ஒரு வெட்டு.

எல்லாக் கட்சியும் ஒன்றாக நின்ற இடம் ஒன்று உண்டு. 2013 ஜூனில் மத்தியத் தகவல் ஆணையம், ஆறு தேசியக் கட்சிகளும் தகவல் உரிமைச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டவை என்று சொன்னது. காங்கிரஸ், பா.ஜ.க., இரண்டு கம்யூனிஸ்டுகள், தேசியவாத காங்கிரஸ், பகுஜன் சமாஜ். ஒன்றுகூட ஏற்று நடக்கவில்லை. நம் நம்பர் அவர்களிடம் இருக்கலாம். அவர்கள் கணக்கு நம்மிடம் வரக்கூடாது!

அடுத்த மாதம் நம் தொகுதி வேட்பாளர்களை இதே மேடைக்கு அழைத்திருக்கிறார் செயலாளர். கருத்துச் சுதந்திரத்தை ஆதரிக்கிறீர்களா என்று தயவுசெய்து கேட்காதீர்கள். எல்லோரும் ஆமாம் என்பார்கள், நாமும் கைதட்டிவிட்டுப் போய்விடுவோம். ஆளுகிற கட்சிக்காரரிடம், உங்கள் நிர்வாகிகள் கொடுத்த புகார்களில் எத்தனை மீம்களைப் பற்றியவை என்று கேளுங்கள். எதிர்க்கட்சிக்காரரிடம், குண்டர் சட்டத்திலிருந்து இணையம் என்ற சொல்லை எடுப்பீர்களா, எந்தக் கூட்டத்தொடரில் என்று கேளுங்கள். டெல்லிக் கனவில் இருப்பவரிடம் 17ஆம் பிரிவைக் கேளுங்கள். என் நம்பர் உங்கள் கட்சிக்கு எப்படி வந்தது என்று எல்லோரிடமும் கேளுங்கள்.

அந்த டீக்கடைக்காரர் இன்றைக்கு வந்திருக்கிறார். எங்கே என்று கை காட்ட மாட்டேன். அவர் இப்போது பொங்கல் வாழ்த்தைக்கூட ஃபார்வர்டு செய்வதில்லை. அவர் பெயரில் ஒரு கேள்வியை நானே எழுதிப் போடப் போகிறேன்.

துண்டுச்சீட்டுகள் வாசல் மேஜையில் இருக்கின்றன. பெயர் எழுத வேண்டியதில்லை. பேனா இல்லாதவர்கள் என்னிடம் வாங்கிக்கொள்ளுங்கள், இரண்டு வைத்திருக்கிறேன்.