சிற்றுண்ணி: பகையும் துணையும்



பேராக்கில் தோட்டம் என்றவுடன் பால்மரமே நம் நினைவுக்கு வரும். 1877ஆம் ஆண்டில் கோலகங்சாரில் நடப்பெற்ற ரப்பர்க் கன்றுகளின் வரலாற்றை நாம் பலமுறை பேசியிருக்கிறோம். இன்று, அத்தோட்டங்களின் இலைகளுக்கு அடியில் எவர் கண்ணிலும் படாமல் வாழும் ஓர் உயிரைப் பற்றிப் பேச விழைகிறோம். அதன் பெயர் சிற்றுண்ணி.

மொழிக் கழகத்தின் மேடையாதலால் பெயரிலிருந்தே தொடங்குவோம். உழவர் இதனைச் செம்பேன் என்பர். சிலந்திப் பூச்சி என்பாரும் உளர். உண்மையில் இது பேனுமன்று, பூச்சியுமன்று. பூச்சிக்குக் கால்கள் ஆறு. வளர்ந்த சிற்றுண்ணிக்குப் பெரும்பாலும் எட்டு. இதன் உறவினம் சிலந்தியும் தேளுமே. இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. பூச்சி என்று பெயரிட்டோம். ஆதலால் பூச்சிமருந்தை அடித்தோம். அம்மருந்துகளுள் பலவற்றுக்குச் சிற்றுண்ணி மடிவதில்லை. அதனைத் தின்று வாழும் உயிர்களே முதலில் மடிகின்றன. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஐரோப்பிய, வட அமெரிக்கப் பழத்தோட்டங்களில் டி.டி.டி. தெளித்தபோது நேர்ந்தது இதுவே. அதுவரை சிறு தொல்லையாக இருந்த செம்பேன் அங்கே பெருங்கேடாக வளர்ந்தது.

சிற்றுண்ணி இலையின் உயிரணுக்களைத் துளைத்துச் சாற்றை உறிஞ்சுகிறது. வெப்பமும் வறட்சியும் கூடினால் ஏறத்தாழப் பத்து நாளில் ஒரு தலைமுறை முடிந்துவிடும். செம்பேன் இனத்தில், ஆணோடு சேராத பெண்ணும் முட்டையிடும். அம்முட்டைகளிலிருந்து ஆண்களே பிறக்கும். இத்தகைய பெருக்கம் உடைய உயிர் நஞ்சுக்கு விரைவில் பழகிக்கொள்வதில் வியப்பில்லை. மஞ்சள் சிற்றுண்ணி என்னும் வகையோ, ரப்பரின் இளந்தளிரையும் வீட்டுக் கொல்லை மிளகாயையும் வேறுபாடின்றித் தாக்குகிறது. பள்ளித் தோட்டம் வைத்திருக்கும் ஆசிரியர்கள் ஒன்றைக் குறித்துக்கொள்ளலாம்: மிளகாய் இலை மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேனின் வேலை, கீழ்நோக்கிச் சுருண்டால் சிற்றுண்ணியின் வேலை.

இனி, துணையைக் காண்போம். சிற்றுண்ணியைத் தின்னும் சிற்றுண்ணிகளும் உள்ளன. இலங்கையில் 1997ஆம் ஆண்டின் இறுதியிலும், கேரளத்தின் எர்ணாகுளத்தில் 1998ஆம் ஆண்டிலும் தென்னைச் சிற்றுண்ணி கண்டறியப்பட்டது. அது தேங்காயின் குல்லாய்க்கு அடியில், இளங்காயோடு ஒட்டிய இடுக்கில் வாழ்வது. மேலே தெளிக்கும் மருந்து அங்கே எட்டாது. ஆனால் உடல் தட்டையான இரைவிழுங்கிச் சிற்றுண்ணி ஒன்று அந்த இடுக்கிலும் நுழைந்து பகையைத் தின்கிறது. இலங்கைத் தென்னை ஆராய்ச்சி நிலையத்தார் அதனைப் பெருக்கித் தோப்புகளில் விட்டனர். குல்லாயின் இடுக்கு சற்று விரிந்த பின்னரே அது உள்ளே புகமுடியும் என்பதால், பகை அதற்கு முன்னரே குடியேறிவிடுகிறது. முழு வெற்றி என்று நாம் சொல்லவில்லை. எனினும் தெளிக்கும் மருந்து செல்லாத இடத்திற்குச் செல்லும் வழிகளுள் அதுவும் ஒன்று.

பேராக்கிற்கு இதைவிட நெருக்கமான செய்தி தென்சீனத்தினுடையது. அங்குள்ள ஆரஞ்சுத் தோட்டங்களில் ஒரு களையைப் பிடுங்காமல் மரங்களுக்கிடையே வளரவிட்டனர். மலாய் மக்கள் ரும்புட் தாஹி ஆயாம் என்றழைக்கும் அதே செடிதான். இரை குறைந்த நாள்களில் அதன் பூந்தாதை உண்டு இரைவிழுங்கிச் சிற்றுண்ணிகள் உயிர் பிழைத்தன. பின்பு மரமேறி ஆரஞ்சுச் செம்பேனை அடக்கின. பம்பளிமாஸுக்குப் பெயர்பெற்ற தம்புன் ஈப்போவின் அருகிலேயே இருக்கிறது. அப்பழமும் ஆரஞ்சின் குடும்பமே.

நம் முன்னோர் தோட்டத்தில் செய்த வேலையை இங்கே எண்ணிப் பார்க்கவேண்டும். தொடக்கக் காலத் துரைமார் மரத்தடியில் ஒரு புல்லும் இருத்தலாகாது என்றனர். புல்வெட்டு நம்மவர் தொழிலாயிற்று. பின்னர் மண்வெட்டியின் இடத்தை மருந்து பிடித்தது. முதலில் நச்சு ஆர்சனிக் உப்பு, பிறகு பாராகுவாட். முதுகில் தோம்பைச் சுமந்து அதனைத் தெளித்தவருள் பலர் நம் தாய்மார்கள். பாராகுவாட் இந்நாட்டில் முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2020ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான். அழிக்கப்பட்ட களைகளுள் எத்தனை நமக்குத் துணையானவை என்று அந்நாளில் கேட்பார் இல்லை. எல்லாக் களையும் நல்லது என்பதும் பிழையே. மேற்சொன்ன செடி தக்காளியையும் மிளகாயையும் தாக்கும் நச்சுயிரிக்குப் புகலிடமாவதும் உண்டு. பழமரத்தடியில் விடலாம், மிளகாய்ப் பாத்தியருகே விடலாகாது.

மாணவர்கள் இதனைத் தாமே கண்டறியலாம். பத்து மடங்கு பெருக்கும் கண்ணாடி ஒன்று போதும். மிளகாய் இலையையோ மரவள்ளி இலையையோ திருப்பிப் பாருங்கள். மெல்லிய நூல்வலைக்குள் மெதுவாக நகர்ந்து மேய்ந்துகொண்டிருப்பது செம்பேன். வலை கட்டாமல், பளபளப்பான உடலோடு, நரம்போரமாக விரைந்தோடும் ஒன்று தென்பட்டால், அது பெரும்பாலும் நாம் இதுவரை சொல்லிவந்த துணை. அந்த இலைக்கு மருந்து அடிக்குமுன் சில நாள் காத்திருந்து, இரண்டையும் எண்ணிக் குறித்து வாருங்கள்.