காதலும் பலாத்காரமும்

(ஆசிய நாடுகளின் டெலிவிஷன் நாடகங்களைப் பற்றி ஒரு படிப்பகக் கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நம்மைப் பேசும்படி கேட்டுக் கொண்ட விஷயம், ஆசிய நாடுகளின் டெலிவிஷன் நாடகங்களில் காதல் எப்படிக் காட்டப்படுகின்றது என்பதாகும். இதைக் கேட்டவுடன் உங்களில் சிலருக்குச் சிரிப்பு வரலாம். “உலகத்தில் பேசுவதற்கு எவ்வளவோ இருக்க, கொரியாக்காரன் எவளையோ காதலித்த கதைக்கு ஒரு கூட்டமா?” என்று கேட்கலாம். ஆனால் உங்கள் வீட்டிலேயே போய்ப் பாருங்கள். கொரியா நாடகம் இப்பொழுது தமிழ் பேசுகின்றது. பையன்களும் பெண்களும் இராத்திரி ஒரு மணி வரையில் செல்போனை மார்பில் வைத்துக் கொண்டு பார்க்கின்றார்கள். பெற்றோர்களாகிய நீங்களோ காதலைப் பற்றி அவர்களிடம் ஒரு வார்த்தை கூட வாய் திறந்து பேசுவதில்லை. நீங்கள் பேசாத பாடத்தை நாடகக்காரன் சொல்லிக் கொடுக்கின்றான். வாத்தியார் இன்னாரென்று தெரிந்த பிறகு, பாடம் என்னவென்று பார்க்க வேண்டியது நம் கடமையல்லவா?

நாம் இந்த நாடகங்களுக்கு விரோதியல்ல. நாமும் பார்த்திருக்கின்றோம், இரசித்தும் இருக்கின்றோம். ஆனால் ருசியாய் இருக்கின்றது என்பதற்காக உள்ளே என்ன கலந்திருக்கின்றது என்று கேட்கக் கூடாதென்றால், அது பகுத்தறிவுள்ளவன் சாப்பிடுகின்ற முறையல்ல.

முதலில் ஒரு கதையை எடுத்துக் கொள்வோம். ஜப்பானில் யோகோ காமியோ என்ற பெண் எழுத்தாளர் 1992-இல் ‘ஹானா யோரி டாங்கோ’ என்ற படக்கதையை எழுத ஆரம்பித்தார். அது 2001-இல் தைவானில் ‘மீட்டியோர் கார்டன்’ என்ற நாடகமாயிற்று. 2005-இல் ஜப்பானிலும், 2009-இல் கொரியாவில் ‘பாய்ஸ் ஓவர் ஃபிளவர்ஸ்’ என்ற பெயரிலும், 2018-இல் சீனாவிலும், 2021-இல் தாய்லாந்திலும் திரும்பத் திரும்ப எடுக்கப்பட்டது. ஐந்து நாட்டார், நான்கு பாஷையில், இருபது வருஷ காலம் அலுக்காமல் பார்த்த கதை இது.

கதை என்ன? பணக்காரப் பள்ளிக்கூடத்தில் ஓர் ஏழைப் பெண். கொரியா நாடகத்தில் சலவைக் கடைக்காரர் மகள். அப்பள்ளியை ஆட்டி வைக்கின்ற நான்கு பணக்காரப் பிள்ளைகளின் தலைவனை அவள் எதிர்த்துப் பேசி விடுகின்றாள். உடனே அவள் பெயருக்குச் சிவப்புச் சீட்டு வருகின்றது. சீட்டு வந்தால் பள்ளிக்கூடம் முழுவதும் சேர்ந்து அவளை வதைக்கலாமென்று அர்த்தம். அப்படியே வதைக்கின்றார்கள். அவளோ பணிவதில்லை. பணியாதவளைக் கண்டதும் தலைவனுக்குக் காதல் வந்து விடுகின்றது! அதன் பிறகு அவளைக் கேட்காமல் தன் மாளிகைக்குத் தூக்கி வரச் செய்து, பட்டாடை உடுத்தி, நகை பூட்டிக் கண்ணாடி முன் நிறுத்துகின்றான். அவள் வேண்டாமென்கின்றாள். அவனுக்கு ஆச்சரியமாயிருக்கின்றது. “என்னை வேண்டாமென்று சொல்ல ஒருத்தி உண்டா?” என்பது தான் அவனுடைய ஆச்சரியம்.

இந்தக் கதையில் யோக்கியமான பாகம் ஒன்று உண்டு. அதாவது, அந்தப் பெண் பணத்துக்கு அஞ்சாமல் எதிர்த்து நிற்பதாகும். பெண்கள் இதைக் கொண்டாடினார்களென்றால் அதற்காகத்தான் கொண்டாடியிருப்பார்கள். ஆனால் முடிவு என்ன? எதிர்த்தவள் கடைசியில் அவனையே காதலிக்க வேண்டியதாகின்றது. அவனுடைய கொடுமையெல்லாம் காதலின் முன்னுரையாகி விடுகின்றது.

கொரியாவில் ஒரு பழமொழி சொல்வார்கள். பத்துத் தரம் வெட்டினால் சாயாத மரமில்லை என்பது அது. நம்மவர்களும் ‘அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்’ என்கின்றோம். உழைப்பைப் பற்றிச் சொன்னால் இரண்டும் நல்ல பழமொழிகளே. ஆனால் அதை ஒரு பெண்ணின் சம்மதத்துக்குப் பொருத்துகின்ற போது தான் விபரீதம் பிறக்கின்றது. தோழர்களே! பெண் மரமா? பெண் அம்மியா? மரத்துக்கு வாயில்லை, ஆகையால் வெட்டுகிறவனிடம் நிறுத்தென்று சொல்வதில்லை. வாயுள்ள ஒருத்தி நிறுத்தென்று சொன்ன பிறகும் ஒன்பது தரம் வெட்டுவதற்குப் பெயர் காதலா?

ஆனால் நாடகத்திலே பாருங்கள். பேச விருப்பமில்லாமல் திரும்பிப் போகின்றவளின் மணிக்கட்டைப் பிடித்து இழுப்பான். பின்னணியில் உருக்கமான பாட்டு வரும். வீட்டு வாசலில் இராத்திரி முழுவதும் நிற்பான். மழை பெய்யும். வேறொருவனோடு பேசினால் சீறுவான். அது ‘அன்பின் மிகுதி’ எனப்படும். இந்தக் காரியங்களிலிருந்து பாட்டையும், மழையையும், கதாநாயகனுடைய அழகான முகத்தையும் எடுத்து விட்டால் மிச்சமென்ன? போலீசில் கொடுக்க வேண்டிய பிராது ஒன்று தான் மிச்சம்.

தாய்லாந்திலே இதற்கு ஒரு பெயரே வைத்திருக்கின்றார்கள். அடித்து முத்தமிடுகின்ற நாடகம் என்று அர்த்தப்படும் பெயர் அது. அந்நாட்டில் மனைவியையும் புருஷன் பலாத்காரம் செய்யக் கூடாதென்று 2007-இல் தண்டனைச் சட்டத்தைத் திருத்தினார்கள். அடுத்த வருஷமாகிய 2008-இல் பெயர் பெற்ற நாடகங்கள் இரண்டு. ஒன்று ‘சம்லோய் ரக்’. அதாவது காதல் கைதி. ஒருத்தியை வேறொருத்தியென்று தவறாக எண்ணி, பழி வாங்குவதற்காகத் தீவுக்குக் கடத்திக் கொண்டு போகின்ற கதை. மற்றொன்று ‘சவான் பியாங்’. அதிலே கதாநாயகன் கதாநாயகியைப் பலாத்காரம் செய்கின்றான். பிறகு மனம் திருந்துகின்றான். முடிவில் இருவரும் சேர்ந்து வாழ்கின்றார்கள். சர்க்கார் சட்டப் புத்தகத்தில் குற்றமென்று எழுதியதை, டெலிவிஷன் அடுத்த வருஷமே கலியாணத்துக்கு வழியென்று காட்டிற்று. எந்தப் பாடம் ஜனங்கள் மனதில் ஆழமாய்ப் பதியுமென்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

“இது கதை தானே? இதற்கு இவ்வளவு கோபமா?” என்று சிலர் கேட்பார்கள். சரி, கதையை விட்டு விட்டு நடந்ததைச் சொல்லுகின்றோம்.

கொரியாவில் ஒரு பெண்ணைப் பின்தொடர்ந்து தொந்தரவு செய்வது வெகு காலம் வரை சில்லறைக் குற்றமாகவே இருந்தது. 1,00,000 வோனுக்கு உட்பட்ட அபராதத்தோடு முடிந்து விடும். 2021-இல் தான் இதற்கென்று தனிச் சட்டம் வந்தது. அதிலும் பாதிக்கப்பட்டவள் தண்டனை வேண்டாமென்று சொல்லி விட்டால் வழக்கு நிற்காது என்று ஒரு விதியை வைத்தார்கள். அதனால், குற்றவாளி மறுபடியும் அவளையே தேடிப் போய், “வழக்கை வாபஸ் வாங்கு” என்று நெருக்குவதற்கு இடமிருந்தது. 2022 செப்டம்பர் 14-ந் தேதி, சியோல் நகரத்துச் சிந்தாங் சுரங்க ரயில் நிலையத்தில், வேலையிலிருந்த ஒரு பெண் ஊழியரை, கூட வேலை செய்திருந்த ஒருவன் குத்திக் கொன்றான். அவளைப் பின்தொடர்ந்து துன்புறுத்திய வழக்கில் மறுநாள் அவனுக்குத் தீர்ப்பு. முன்னொரு சமயம் அவனைக் காவலில் வைக்க வேண்டுமென்று போலீசார் கேட்ட போது கோர்ட்டு மறுத்திருந்தது. அந்தக் கொலைக்குப் பிறகு தான், 2023-இல், அந்த விதி நீக்கப்பட்டது.

அந்தக் கொலையை நாடகம் செய்ததென்று நாம் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்வது புத்தியாகாது. ஆனால் ஒருத்தி வேண்டாமென்று சொன்ன பிறகும் ஒருவன் பின்னாலேயே அலைவதை, சட்டம் செய்கிறவனும், நீதி சொல்லுகிறவனும், அக்கம்பக்கத்தானும் நெடுங்காலமாக லேசாக எண்ணினார்களே, அந்த எண்ணத்துக்கு எங்கேயிருந்து போஷணை கிடைத்தது என்று தான் கேட்கின்றோம். கொரியா நாடகக்காரர்களிலும் சிலர் இதை உணர்ந்தார்கள். 2018-இல் வந்த ‘சம்திங் இன் தி ரெயின்’ என்ற நாடகத்தில், விட்டுப் பிரிந்த காதலன் பின்தொடர்ந்து துன்புறுத்துவதை, பாட்டுப் போட்டு அழகு செய்யாமல் பயங்கரமென்றே காட்டினார்கள். ஆகவே மாற்றிக் காட்ட முடியாததொன்றுமில்லை.

நிற்க, ஆணை ஆணும், பெண்ணைப் பெண்ணும் நேசிக்கின்ற விஷயத்துக்கு வருவோம். இதைச் சொன்னால் முகத்தைச் சுளிப்பவர்கள் இந்தக் கூட்டத்திலும் இருக்கலாம். சுபாவத்தில் உண்டான ஒன்றுக்காக ஒரு மனிதனைக் குற்றவாளியாக்குவதற்கு நமக்கு என்ன அதிகாரம்? கொரியாவில் ஹோங் சியோக்-சியோன் என்ற நடிகர் 2000-இல் தாம் ஆண்களை நேசிப்பவரென்று வெளிப்படையாய்ச் சொன்னார். உடனே டெலிவிஷனில் இருந்த வேலைகள் போய் விட்டன. பொய் சொல்லிக் கொண்டிருந்த வரையில் சோறு கிடைத்தது. உண்மை சொன்னவுடன் சோறு போயிற்று. 2010-இல் கிம் சூ-ஹியூன் என்ற மூத்த பெண் எழுத்தாளர், ‘வாழ்க்கை அழகானது’ என்று அர்த்தப்படும் ஒரு குடும்ப நாடகத்தில், இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் நேசிப்பதையும், பெற்றோர் அழுது பின்பு ஏற்பதையும் எழுதினார். அந்த நாடகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கெட்டுப் போவார்களென்று பத்திரிகையில் பணங் கொடுத்து விளம்பரம் செய்தார்கள். சிவப்புச் சீட்டு நாடகத்தைப் பார்த்துப் பிள்ளைகள் கெடுவார்களென்று இவர்கள் ஏன் இப்படிக் கிளம்பவில்லை? அடிப்பதைப் பார்த்தால் கெடாத பிள்ளை, அன்பைப் பார்த்தால் கெட்டு விடுமா?

சீனாவின் யோக்கியதையோ இன்னும் வேடிக்கை. 2016-இல் ‘அடிக்டெட்’ என்ற, இரண்டு பையன்களின் காதல் நாடகத்தை முடிவதற்கு முன்பே எடுத்து விட்டார்கள். 2019-இல் வந்த ‘தி அன்டேம்ட்’ நாடகத்தில், மூல நாவலில் காதலாயிருந்ததை நட்பாக மாற்றினார்கள். ஜனங்களோ கண்களைப் பார்த்தே காதலென்று கண்டு கொண்டார்கள். 2021-இல், பெண்தன்மையுள்ள ஆண்களையே காட்டக் கூடாதென்று ஒலிபரப்புச் சர்க்கார் இலாகா உத்தரவு போட்டது. ஆனால் அதே நாட்டில் தான் 2018-இல் அந்தப் பணக்காரப் பையன் கதை தாராளமாக ஓடிற்று.

தாய்லாந்திலோ நிலைமை வேறு. அங்கே இரண்டு ஆண்களின் காதல் நாடகம் பெரிய வியாபாரமாகி விட்டது. 2025 ஜனவரி 23 முதல் ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சட்டப்படி கலியாணம் செய்து கொள்ளலாம். இதை நாம் மனதார வரவேற்கின்றோம். ஆனால் நண்பன் வீட்டுக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். 2016-இல் வந்த ‘சோட்டஸ்’ என்ற நாடகம், மேல் வகுப்பு மாணவன் கீழ் வகுப்பானை அதட்டி வதைக்கின்ற கல்லூரி வழக்கத்திலே தொடங்குகின்றது. அதிகாரத்தை எதிர்த்து நிற்கின்ற இளையவன், மூத்தவனைத் தன் பெண்டாட்டியாக்கிக் கொள்வதாகச் சவால் விடுகின்றான்! இந்த வகை நாடகங்கள் பலவற்றில் இருவரில் ஒருவனுக்குப் புருஷனென்றும், மற்றவனுக்குப் பெண்டாட்டியென்றும் பெயர். ஏன்? பெண்ணே இல்லாத வீட்டிலும் ஒரு பெண்டாட்டி இல்லாவிட்டால் நடக்காதா? அப்படியானால் பெண்டாட்டி என்பது பெண்ணின் பெயரல்ல. கீழே இருக்க வேண்டியவரின் பெயர் என்று தானே ஏற்படுகின்றது? பழைய வீட்டிலிருந்து தப்பி ஓடி வந்தவர்கள், பழைய விலங்கையும் கையோடு எடுத்து வர வேண்டுமா?

வேறு விதமாகவும் காட்டலாமென்பதற்கு ஜப்பானில் ஓர் உதாரணமிருக்கின்றது. ஃபூமி யோஷினாகா என்ற பெண் எழுத்தாளரின் படக்கதையிலிருந்து 2019-இல் எடுத்த ‘நேற்று என்ன சாப்பிட்டீர்கள்?’ என்ற நாடகம். நாற்பது வயது தாண்டிய இரண்டு ஆண்கள் ஒரே வீட்டில் வாழ்கின்றார்கள். ஒருவர் வக்கீல், மற்றவர் முடி திருத்துபவர். வக்கீல் விலை பார்த்துச் சாமான் வாங்கி வந்து சமைக்கின்றார்; இருவரும் சாப்பிடுகின்றார்கள். வக்கீல் தன் ஆபீசில் விஷயத்தை மறைக்கின்றார். மற்றவர் தன் கடையில் மறைப்பதில்லை. அதனால் சண்டை வருகின்றது. சண்டைக்குப் பின் பேசுகின்றார்கள். கையைப் பிடித்து இழுப்பதில்லை, கடத்துவதில்லை, அறைவதில்லை. ஆனால் பார்க்கிறவர்களுக்குச் சலிக்கவுமில்லை. பலாத்காரமில்லாவிட்டால் கதை ருசிக்காது என்கின்ற வாதத்துக்கு இதுவே போதுமான பதிலாகும். இத்தனைக்கும் அந்த ஜப்பானில் இப்படிப்பட்டவர்கள் கலியாணம் செய்து கொள்ளச் சட்டம் 2025 வரையிலும் வரவில்லை.

ஆகவே தோழர்களே! காதலை அளப்பதற்கு நாம் ஒரே ஒரு அளவுகோல் தான் சொல்லுகின்றோம். காதலிப்பவர்கள் ஆணும் பெண்ணுமா, ஆணும் ஆணுமா, பெண்ணும் பெண்ணுமா என்பதல்ல கேள்வி. ஏழையா பணக்காரனா என்பதும் அல்ல. ஒருவர் வேண்டாமென்று சொன்னால், மற்றவர் அதைக் கேட்டு நிற்கின்றாரா என்பது தான் கேள்வி. நிற்கின்றாரென்றால் அங்கே காதலுக்கு இடமுண்டு. நிற்கவில்லையென்றால், அதற்கு எத்தனை பாட்டுப் போட்டாலும், எவ்வளவு மழை பெய்யச் செய்தாலும், அது ஆதிக்கமே ஒழிய வேறல்ல.

இந்த நாடகங்களைத் தடுக்க வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. தடை போட்டவர்கள் எதைத் தடுத்தார்கள், எதை விட்டார்களென்பதைப் பார்த்தீர்கள். தடை வேண்டாம், பேச்சு வேண்டும். இன்று இராத்திரி உங்கள் மகளோ மகனோ அந்த நாடகத்தைப் பார்த்துக் கொண்டிருந்தால், பிடுங்கி வைக்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவன் கையைப் பிடித்து இழுக்கின்ற இடம் வரும். அப்பொழுது, “அவள் விடு என்கின்றாளே, இவன் ஏன் விடவில்லை?” என்று மாத்திரம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அவர்கள் மனதில் தங்கி விட்டால் போதும். பையனுக்குத் தன் கையை எடுக்கத் தெரியும். பெண்ணுக்கு, எடுக்காத கையைக் காதலென்று எண்ணாமல் இருக்கத் தெரியும்.