சுழலும் சக்கரம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)

 

தமிழ் விழா மேடையில் சீட்டைப் பற்றிப் பேச வந்திருக்கிறானே இவன் என்று சிலர் எண்ணலாம். நான் பேச வந்தது சூதாடும் சீட்டைப் பற்றியன்று. 'டாரட்' என்னும் மேனாட்டுப் படச்சீட்டைப் பற்றியே. நம் ஊரில் கிளி எடுத்துத் தரும் சீட்டைக் கொண்டு குறி சொல்வது போல, இச்சீட்டுகளைப் பரப்பி வைத்து எதிர்காலம் உரைப்பவர்கள் இருக்கிறார்கள். இன்று கைபேசித் திரையிலும் அவை காட்சி தருகின்றன. மாற்றல் எப்போது வரும், மகளுக்கு மணம் எப்போது கூடும், மகன் தேர்வில் தேறுவானா என்று பணம் கொடுத்துக் கேட்கும் வழக்கம் நம்மவரிடையேயும் நுழைந்து வருகிறது. ஆகவே, அவற்றுள் ஒரு சீட்டின் உண்மைப் பொருளை எடுத்துரைத்தல் பயனுடையது என்று கருதுகிறேன். அதன் பெயர் 'அதிர்ஷ்டச் சக்கரம்'.

டாரட் பிறந்தது 15-ஆம் நூற்றாண்டில், வட இத்தாலியில். அது பிறந்தது விளையாட்டிற்காகவே. குறி சொல்வதற்காக அன்று. ஒரு கட்டில் 78 சீட்டுகள். அவற்றுள் 56 நமக்குப் பழக்கமான சீட்டுகளைப் போன்றவை. எஞ்சிய 22 தனிப் படச்சீட்டுகள். அவற்றிலும் 21, நாம் 'துருப்பு' என்கிறோமே, அதைப் போல மற்றவற்றை வெட்டுவதற்கு உரியவை. மிலான் நகரை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்போர்சா குடும்பங்களுக்காக 1450-ஐ ஒட்டித் தீட்டப்பட்ட ஒரு கட்டில் 74 சீட்டுகள் இன்றும் எஞ்சி, நியூயார்க்கிலும் பெர்காமோவிலும் காக்கப்படுகின்றன. அதில் நம் சக்கரச் சீட்டும் உண்டு.

அப்படத்தைச் சற்றுக் கருதிப் பாருங்கள். நடுவே அதிர்ஷ்ட தேவதை. அவளுடைய கண்கள் துணியால் கட்டப்பட்டுள்ளன. சக்கரத்தைப் பற்றி நால்வர். ஒருவன் ஏறுகிறான், 'நான் ஆள்வேன்' என்கிறான். உச்சியில் இருப்பவன் 'நான் ஆள்கிறேன்' என்கிறான். இறங்குபவன் 'நான் ஆண்டேன்' என்கிறான். அடியில் கிடக்கும் முதியவன் 'எனக்கு ஆட்சி இல்லை' என்கிறான். ஏறுபவனுக்குக் கழுதைக் காது முளைக்கிறது. உச்சியில் இருப்பவனுக்கு அது முழுதும் வளர்ந்துவிட்டது. இறங்குபவனுக்குக் கழுதை வால். அடியில் கிடக்கும் முதியவன் ஒருவனே முழு மனிதனாக இருக்கிறான்!

என்ன அரிய கருத்து! பதவி ஏற ஏற மதி குறைகிறது. இழந்த பின்னரே மனிதன் மனிதனாகிறான். செல்வம் வண்டிச் சக்கரம் போலச் சுழல்வது என்று நம் நாலடியாரும் உரைக்கிறதன்றோ?

இச்சீட்டைக் கையில் வைத்து ஆடிய குடும்பத்தின் கதையே இதற்குச் சான்று. விஸ்கோந்தி மரபின் கடைசிக் கோமகன் 1447-இல் ஆண் வாரிசின்றி மறைந்தார். கூலிப்படைத் தலைவர் ஒருவரின் மகனான பிரான்செஸ்கோ ஸ்போர்சா, அவருடைய மருமகன். 1450-இல் மிலானின் கோமகனானார். அவருடைய மகன் லுடோவிகோ 1499-இல் பிரெஞ்சுப் படையிடம் நாட்டை இழந்தார். அடுத்த ஆண்டு சிறைப்பட்டார். 1508-இல் பிரெஞ்சு மண்ணிலேயே கைதியாக மாண்டார். சக்கரம் ஒரு சுற்றுச் சுற்ற அறுபது ஆண்டுகள்கூட ஆகவில்லை.

அப்படியாயின் குறி சொல்வது எப்போது வந்தது? 1781-இல் பாரிசில் கூர் தெ ஜெபெலின் என்பார், இச்சீட்டுகள் எகிப்தியரின் மறைநூல் என்று எழுதினார். பழைய எகிப்திய எழுத்தைப் படிக்கும் வழியை ஷாம்போலியன் கண்டதோ 1822-இல்! எழுத்தே அறியாத காலத்தில் எழுந்த கற்பனை அது. அதன் பின்னரே சீட்டுக் குறி செழித்தது. அன்பர்களே, கண் கட்டப்பட்டவளிடம் போய் வழி கேட்பார் உண்டோ? அடுத்து யார் ஏறுவார், யார் இறங்குவார் என்பது அவளுக்கே தெரியாது என்பதன்றோ ஓவியன் காட்டிய பொருள்?

1909-இல் லண்டனில் வெளிவந்த புதிய கட்டே இன்று உலகெங்கும் புழங்குகிறது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் கருத்துரைக்க, பமீலா கோல்மன் ஸ்மித் என்னும் அம்மையார் தீட்டியது. படம் உலகப் புகழ் பெற்றது. தீட்டிய அம்மையாரோ 1951-இல் கடனாளியாகவே மறைந்தார். அவர் தீட்டிய சக்கரத்தைச் சுற்றி, நான்கு மூலைகளிலும் மனித உரு, கழுகு, சிங்கம், காளை என நான்கு சிறகுடைய உருவங்கள். நடுவே சக்கரம் சுழல்கிறது. அந்நான்கும் திறந்த நூலை முன்வைத்து அமைதியாக வீற்றிருக்கின்றன.

சக்கரங்களை நம்பிப் பிழைப்பவர்கள் நாம். ஊர் விட்டு ஊர் மாற்றப்படுகிறோம். ஒருவருக்குப் பதவி உயர்வு, இன்னொருவருக்கு ஏமாற்றம். உயர்ந்தவர் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரரை மறவாதிருக்க வேண்டும். தாழ்ந்தவர் உள்ளம் உடையாதிருக்க வேண்டும். தேர்வில் தவறிய பிள்ளையிடம் 'உன் விதி இவ்வளவுதான்' என்று எந்தத் தாய் தந்தையும் சொல்லலாகாது. சக்கரம் நிற்பதில்லை என்பது உயர்ந்தவருக்கு எச்சரிக்கை. தாழ்ந்தவருக்கு அதுவே ஆறுதல்.

ஆதலின், குறி கேட்கக் கொடுக்கும் பணத்தில் பிள்ளைகளுக்கு ஒரு நல்ல நூல் வாங்கிக் கொடுங்கள். சக்கரம் சுழலட்டும், நம் வீட்டு மூலையில் நூல் திறந்திருக்கட்டும்.